தாய்ப்பூச்சி எந்தச் செடியில் முட்டையிடுகிறது? தாவர வேதிப்பொருள்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயிர்ப் பாதுகாப்பு என்றாலே புழுவைக் கொல்வது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போய்விட்டது. புழு பிறப்பதற்கு முன்பே, அதன் தாய் ஒரு செடியின் மீது வந்து அமர்ந்து, அதை முகர்ந்தும் கால்களால் சுவைத்தும் பார்த்து, இங்கே முட்டையிடலாமா கூடாதா என்று முடிவெடுக்கும் கட்டம் ஒன்று இருக்கிறது. அந்த முடிவில் செடியின் வேதிப்பொருள்களுக்கு என்ன பங்கு என்பதைப் பற்றி உழவர்களும் வேளாண் மாணவர்களும் வீட்டுத்தோட்டம் வைத்திருப்பவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கப்பட்டுள்ளது.

முட்டையிடும் இடத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

பயிரைத் தின்பது பெரும்பாலும் புழுதான். நாம் வயலில் காணும் அந்துப்பூச்சிக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் இலையைக் கடிக்கும் வாயே கிடையாது. தேனை உறிஞ்சும் குழல் மட்டுமே உண்டு. ஆனால் முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த புழு மிகச் சிறியது. நூல்விட்டுக் காற்றில் மிதந்து செல்லும் சில இனங்களைத் தவிர மற்றவற்றால் வேறு செடியைத் தேடி நெடுந்தூரம் போக முடியாது. ஆகவே எந்தச் செடி அழியப்போகிறது என்பதைப் பெருமளவு தாயே முடிவு செய்துவிடுகிறது. மக்காச்சோளத் தண்டுக்குள்ளோ கத்தரிக்காய்க்குள்ளோ புகுந்துவிட்ட புழுவை எந்தத் தெளிப்பும் எளிதில் எட்டாது என்பதால், அத்தகைய பூச்சிகளைப் பொறுத்தவரை நமக்குக் கிடைக்கும் நல்ல வாய்ப்பு முட்டைப் பருவத்தோடு முடிந்துவிடுகிறது.

தாய்ப்பூச்சி தனக்கு வேண்டிய செடியை எப்படி அடையாளம் காண்கிறது?

தொலைவிலிருந்து வரும்போது நிறமும் உருவமும் காற்றில் வரும் மணமும் வழிகாட்டுகின்றன. மணத்தை உணர்வது உணர்கொம்புகள். இரவில் பறக்கும் அந்துப்பூச்சிக்கு மணமே பெரிய துணை. பகலில் பறக்கும் வண்ணத்துப்பூச்சிக்குக் கண்ணும் சமமாக உதவுகிறது. இருந்தாலும் இறுதி முடிவு செடியின் மீது இறங்கிய பிறகுதான் எடுக்கப்படுகிறது.

வீட்டில் எலுமிச்சையோ கறிவேப்பிலையோ இருந்தால் இதை நேரிலேயே பார்க்கலாம். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி இளந்தளிரின் மீது இறங்கியதும் சிறகடிப்பை நிறுத்தாமலேயே முன்னங்கால்களால் இலையைப் படபடவென்று தட்டும். விளையாட்டுப் போலத் தோன்றும் இந்தச் செயல் உண்மையில் சுவை பார்ப்பது. காலின் நுனிக்கணுக்களில் உள்ள நுண்ணிய முடிகள் இலைப் பரப்பில் படிந்திருக்கும் ஆவியாகாத வேதிப்பொருள்களை உணர்கின்றன. சுவை பிடித்திருந்தால் அடுத்த கணமே வயிற்றை வளைத்து ஒற்றை முட்டையை ஒட்டிவிட்டு எழும்பும். பிடிக்காவிட்டால் முட்டையிடாமலேயே பறந்துவிடும். இதே பேரினத்தைச் சேர்ந்த ஆசிய வண்ணத்துப்பூச்சி ஒன்றின் பெண்பூச்சிக் கால்களில், எலுமிச்சைக் குடும்ப இலைகளில் உள்ள சினெஃப்ரின் என்ற பொருளை உணரும் சுவை ஏற்பியை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011-இல் கண்டறிந்தனர். அந்த ஏற்பியின் செயல்பாட்டை ஒடுக்கியபோது, சினெஃப்ரினுக்கு அப்பூச்சி காட்டும் முட்டையிடும் நாட்டமும் குறைந்துபோனது.

செடியின் தற்காப்புப் பொருள்களே பூச்சியை அழைப்பதாகச் சொல்கிறார்களே, அது எப்படி?

இதற்குக் கடுகுக் குடும்பத்தைவிடத் தெளிவான சான்று இல்லை. கடுகு, முட்டைக்கோஸ், காலிபிளவர், முள்ளங்கி ஆகியவற்றின் திசுக்களில் குளுக்கோசினோலேட்டுகள் என்ற கந்தகம் கலந்த பொருள்கள் இருக்கின்றன. திசு நசுங்கும்போது அதிலுள்ள மைரோசினேஸ் என்ற நொதி இவற்றோடு கலந்து, காரமான ஐசோதயோசயனேட்டுகளை உண்டாக்குகிறது. அம்மியில் கடுகை அரைக்கும்போது மூக்கில் ஏறும் நெடி இதுதான். பெரும்பாலான பூச்சிகளுக்கு இது நஞ்சு.

கோஸ் வண்ணத்துப்பூச்சியும் வைரமுதுகு அந்துப்பூச்சியும் இந்த நஞ்சைச் செயலிழக்கச் செய்யும் வழியைத் தம் குடலிலேயே பெற்றுவிட்டன. அப்படிப் பெற்றுவிட்ட பிறகு, மற்றப் பூச்சிகளை விரட்டும் அதே பொருள் இவற்றுக்கு வீட்டு முகவரி ஆகிவிட்டது. 1910-இல் நெதர்லாந்தின் தாவரவியலாளர் வெர்ஷாஃபெல்ட், வழக்கமாகத் தொடாத இலைகளின் மீது சினிகிரின் என்ற குளுக்கோசினோலேட்டைத் தடவிக் கொடுத்தபோது கோஸ் புழுக்கள் அவற்றைத் தின்றதைக் காட்டினார். தாய்ப்பூச்சிகளைப் பற்றிய பிற்கால ஆய்வுகள், குளுக்கோபிராசிசின் என்ற இன்னொரு குளுக்கோசினோலேட்டு இலைப் பரப்பில் காலுக்குத் தட்டுப்பட்டாலே கோஸ் வண்ணத்துப்பூச்சி முட்டையிடத் தூண்டப்படுகிறது என்று உறுதிப்படுத்தின. வைரமுதுகு அந்துப்பூச்சி ஆவியாகும் ஐசோதயோசயனேட்டுகளின் நெடியையும் பயன்படுத்துகிறது. அதன் உணர்கொம்பில் இதற்கென்றே உள்ள இரண்டு மண ஏற்பிகளை 2020-இல் சீன ஆய்வாளர்கள் அடையாளம் கண்டு, மரபணுத் திருத்தத்தின் மூலம் அவற்றை நீக்கினர். நீக்கப்பட்ட பூச்சிகளுக்கு அந்த நெடியின் மீதிருந்த நாட்டம் போய்விட்டது.

அப்படியானால் ஒரே ஒரு வேதிப்பொருளைக் கண்டுபிடித்துத் தெளித்தால் பூச்சியை நம் விருப்பப்படி திருப்பிவிடலாமா?

இயலாது என்றே சொல்ல வேண்டும். இந்தத் துறையில் பலருக்கும் ஏமாற்றம் தந்த இடம் இது. பூச்சி படிப்பது ஒரு கலவையை. புல்லை வெட்டும்போது எழும் பச்சை வாசனைக்குக் காரணமான பொருள்கள் ஏறக்குறைய எல்லாச் செடிகளிலும் இருக்கின்றன. எது எந்த விகிதத்தில் கலந்திருக்கிறது என்பதே இது சோளம், அது பருத்தி என்று வேறுபடுத்துகிறது. கேரட் ஈயை முட்டையிடத் தூண்டும் இலைப் பொருள்களைப் பிரித்தெடுத்தபோது ஐந்தாறு பொருள்கள் கிடைத்தன. அவை கலந்திருக்கும்போது உண்டாகும் தூண்டுதல் தனித்தனியே உண்டாவதில்லை.

ஈர்க்கும் பொருளும் விரட்டும் பொருளும் ஒரே இலையில் இருப்பதும் உண்டு. எரிசிமம் என்ற கடுகுக் குடும்பச் செடியில் குளுக்கோசினோலேட்டுகள் இருந்தும், அதிலுள்ள இதயத்தைத் தாக்கும் கார்டினோலைடுகளின் காரணமாகச் சிறிய கோஸ் வண்ணத்துப்பூச்சி அதில் முட்டையிடுவதைத் தவிர்க்கிறது. அழைக்கும் குறியும் தடுக்கும் குறியும் ஒரே நேரத்தில் வரும்போது எது ஓங்குகிறதோ அதுவே வெல்கிறது.

மூலக்கூறின் வடிவம் எவ்வளவு நுட்பமாக வேலை செய்கிறது என்பதற்கு லினலூல் நல்ல எடுத்துக்காட்டு. பல பூக்களின் மணத்தில் உள்ள இந்தப் பொருள், ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. அமெரிக்காவின் புகையிலைக் கொம்புப்புழு அந்துப்பூச்சி, நேர்க்குறி லினலூலை வெளியிடும் செடியில் கூடுதலாகவும், எதிர்க்குறி லினலூலை வெளியிடும் செடியில் குறைவாகவும் முட்டையிட்டது என்று 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது. தேன் குடிக்கும்போது இந்த வேறுபாட்டை அதே பூச்சி பொருட்படுத்தவில்லை என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கும் செய்தி.

தாய் எப்போதும் தன் புழுக்களுக்கு ஏற்ற செடியைத்தான் தேர்ந்தெடுக்குமா?

பெரும்பாலும் ஆம், எப்போதும் அல்ல. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வளரும் பார்பேரியா என்ற மஞ்சள்பூக் களைச்செடி, வைரமுதுகு அந்துப்பூச்சியைத் தன் குளுக்கோசினோலேட்டுகளால் வலுவாக ஈர்க்கிறது. முட்டைக்கோஸ் பக்கத்திலேயே இருந்தாலும் தாய் இதையே விரும்புகிறது. ஆனால் அந்தச் செடியின் ஒரு வகையில் உள்ள சபோனின்கள் காரணமாக, பொரித்து வரும் புழுக்கள் பிழைப்பதில்லை. தாயின் கால்களுக்கும் உணர்கொம்புக்கும் குளுக்கோசினோலேட்டு எட்டுகிறது, சபோனின் எட்டுவதில்லை. அந்த இடைவெளியில்தான் புழுக்கள் மடிகின்றன.

புழுவாக இருந்தபோது தின்ற செடியையே, தாயான பிறகும் தேடிப்போகுமா?

அமெரிக்கப் பூச்சியியலாளர் ஹாப்கின்ஸ் நூறாண்டுகளுக்கு முன்பே இப்படி ஒரு கருத்தைச் சொன்னார். நீண்டகாலம் அது ஐயத்தோடே பார்க்கப்பட்டது. கூட்டுப்புழுப் பருவத்தில் உடல் முழுவதும் மாறி அமையும்போது நினைவு எப்படித் தங்கும் என்பது நியாயமான கேள்வி. பல பயிர்களைத் தாக்கும் எகிப்தியப் பருத்தி இலைப்புழுவில் 2013-இல் வெளியான ஆய்வு, புழுப் பருவத்து உணவு தாயின் முட்டையிடும் தேர்வை மாற்றுகிறது என்று காட்டியது. இது எல்லாப் பூச்சிகளுக்கும் பொருந்தும் என்று கொள்ளக் கூடாது. ஆனால் ஒரே பயிரைத் தொடர்ந்து பயிரிடும் பகுதிகளில் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

முட்டைக்கோஸ் வயலில் கடுகு விதைக்கச் சொல்வது இதனால்தானா?

ஆம். பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி, 1990-களின் தொடக்கத்தில் பரவலான முறை இது. வைரமுதுகு அந்துப்பூச்சி கோஸைவிடக் கடுகை விரும்புவதால், 20 முதல் 25 வரிசைக் கோஸுக்கு இடையே கடுகு வரிசைகளை விதைக்கிறார்கள். ஒரு வரிசையைக் கோஸ் நடுவதற்கு 15 நாள் முன்பும், மற்றொன்றை நட்ட 25 நாள் கழித்தும் விதைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: முதிர்ந்து காய்க்கத் தொடங்கும் கடுகு தன் ஈர்ப்பை இழந்துவிடும், அந்த நேரத்தில் இளங்கடுகு தயாராக இருக்க வேண்டும். நீலகிரி, கிருஷ்ணகிரி போன்ற கோஸ் பகுதிகளில் இந்த முறையைக் கைக்கொள்ளும்போது பலர் விட்டுவிடுவது இந்த இரண்டாம் விதைப்பைத்தான்.

அதைவிடப் பெரிய குறை, கடுகை விதைத்துவிட்டு அப்படியே விட்டுவிடுவது. இப்படிப் பூச்சியை ஈர்ப்பதற்காக நடும் பொறிப்பயிர் அதைக் கொல்வதில்லை. ஓரிடத்தில் கூட்டுகிறது, அவ்வளவே. கூடிய முட்டைகளையும் புழுக்களையும் அங்கேயே அழிக்காவிட்டால், கடுகு வரிசை பூச்சிகளுக்கு நாற்றங்கால் ஆகிவிடும். சில வாரங்களில் அந்தத் தலைமுறை கோஸுக்குத் திரும்பும். கடுகு வரிசைக்கு மட்டும் குறித்த இடைவெளியில் மருந்து தெளிப்பதும், தாக்குதல் மிகுந்த கடுகுச் செடிகளைப் பிடுங்கி அழிப்பதும் முறையின் பகுதியே.

ஆமணக்கும் செண்டுமல்லியும் இதே வகையா?

இதே வகைதான். தக்காளியில் காய்ப்புழுவின் தாய் செண்டுமல்லியின் மொட்டையும் பூவையும் நாடி முட்டையிடுகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், 40 நாள் வயதான உயர வகைச் செண்டுமல்லி நாற்றையும் 25 நாள் வயதான தக்காளி நாற்றையும் ஒரே நேரத்தில், 16 வரிசைத் தக்காளிக்கு 1 வரிசைச் செண்டுமல்லி என்ற கணக்கில் நடச் சொல்கிறது. நாற்றின் வயதில் இவ்வளவு கவனம் காட்டுவது, தக்காளி பூக்கும் நேரத்தில் செண்டுமல்லியும் பூத்திருக்க வேண்டும் என்பதற்காக. இரண்டு நாற்றையும் ஒரே வயதில் நட்டுவிட்டுப் பயனில்லை என்று சொல்வது முறையின் குறையாகாது.

நிலக்கடலையிலும் பருத்தியிலும் வரப்பில் ஆமணக்கு நடுவது புரோடீனியா என்ற இலை தின்னும் புழுவுக்காக. இந்தப் பூச்சியின் தாய் ஆமணக்கின் அகன்ற இலையின் அடிப்பக்கத்தில் சில நூறு முட்டைகளைக் குவியலாக இட்டு, தன் வயிற்று முடிகளை உதிர்த்து மூடிவிடும். இலையைத் திருப்பிப் பார்த்தால் பழுப்பு நிறப் பஞ்சுத் துணுக்கு ஒன்று ஒட்டியிருப்பது போலத் தெரியும். அந்த ஒரு இலையைக் கிள்ளி எடுத்தால் சில நூறு புழுக்கள் போயிற்று. பொரித்து முதல் சில நாள்கள் புழுக்கள் கூட்டமாக இருந்து இலையின் பச்சையத்தைச் சுரண்டித் தின்பதால் இலை வெளுத்துச் சல்லடைபோல் ஆகும்; அப்போதும் கையாலேயே எடுத்துவிடலாம். அதற்குப் பிறகு அவை சிதறிவிடும். பொறிப்பயிர்களிலேயே கூலியும் நேரமும் குறைவாகப் பிடிப்பது ஆமணக்கு என்பது என் கருத்து.

கென்யாவின் 'தள்ளு-இழு' முறை என்பது என்ன?

நைரோபியைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேசப் பூச்சி உடலியல் மற்றும் சூழலியல் மையமும் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து, 1990-களில் கென்யாவின் சிறு உழவர்களுக்காக உருவாக்கிய முறை இது. மக்காச்சோளத்தையும் சோளத்தையும் தாக்கும் தண்டுத்துளைப்பான்கள் அங்கே பெரும் சேதம் செய்தன. அவற்றுள் ஒன்று ஆசியாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குச் சென்ற, நம் சோள வயல்களிலும் உள்ள அதே துளைப்பான். வயலைச் சுற்றி நேப்பியர் புல்லை நட்டார்கள், அது இழுக்கும். மக்காச்சோள வரிசைகளுக்கு இடையே டெஸ்மோடியம் என்ற பயறுவகைச் செடியை நட்டார்கள், அது தள்ளும்.

நேப்பியர் புல் இருட்டத் தொடங்கும் முதல் மணி நேரத்தில் தன் பச்சை வாசனையைப் பகலைவிட ஏறக்குறைய 100 மடங்கு கூடுதலாக வெளியிடுவது அளந்து காட்டப்பட்டது. அந்துப்பூச்சி முட்டையிட இடம் தேடுவதும் அதே நேரத்தில்தான். மக்காச்சோளத்தின் வாசனையும் அப்போது கூடுகிறது, ஆனால் அவ்வளவு அல்ல. நேப்பியரில் பொரிக்கும் புழு தண்டைத் துளைக்கும்போது புல் பிசுபிசுப்பான சாற்றைச் சுரப்பதால் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. டெஸ்மோடியம் மண்ணுக்குத் தழைச்சத்தைத் தந்தது. அதன் வேர்க் கசிவு சோளத்தின் ஒட்டுண்ணிக் களையான சுடுமல்லியையும் அடக்கியது. கறவை மாட்டுக்குத் தீவனமும் கிடைத்தது. அங்கே முறை பரவியதற்கு இந்தக் கூடுதல் பயன்கள் பெரிய காரணம். கம்பு-நேப்பியர் ஒட்டுப்புல் நமக்குப் பழக்கமானதுதான். எனினும் ஒட்டுப்புல்லும் கென்யாவில் சோதித்த ரகங்களும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று எண்ணி இறங்கிவிடக் கூடாது.

விரட்டும் செடிகள் மணத்தால்தான் விரட்டுகின்றனவா?

இதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. டெஸ்மோடியம் வெளியிடும் மணப்பொருள்கள் தண்டுத்துளைப்பானை விலக்குகின்றன என்பதே தொடக்கத்திலிருந்து சொல்லப்பட்ட விளக்கம். அண்மையில், வயலில் வளரும் டெஸ்மோடியத்தின் மணத்தை அளந்த ஒரு குழு, அத்தகைய பொருள்கள் மிகக் குறைவாகவே வெளிவருவதாகவும், தாய்ப்பூச்சிகள் அதைத் தவிர்க்கவில்லை என்றும், அதன் இலையிலும் தண்டிலும் உள்ள கொக்கி போன்ற முடிகளில் சிக்கிப் படைப்புழுவின் இளம் புழுக்கள் இறப்பதாகவும் எழுதியது. முறையால் பயன் உண்டு என்பதை இது மறுக்கவில்லை. பயனுக்கான காரணத்தை மட்டுமே மறுக்கிறது.

இங்கிலாந்தின் ஃபின்ச், கோலியர் ஆகியோர் 2000-இல் முன்வைத்த விளக்கம் இன்னும் எளிமையானது. கோஸைத் தேடும் பூச்சி, தன் செடியின் மணம் பட்டதும் கீழே கண்ணில் படும் பச்சை எதுவாயினும் அதில் இறங்கும். வெறும் மண்ணுக்கு நடுவே கோஸ் மட்டும் நின்றால் இறங்கும் இடமெல்லாம் கோஸ்தான். இடையே வேறு பச்சைச் செடிகள் இருந்தால் பலமுறை தவறான செடியில் இறங்கும். காலுக்குச் சுவை தட்டாததால் முட்டையிடாமல் எழும்பும். சில முயற்சிக்குப் பின் வயலையே விட்டுப் போய்விடும். இந்த விளக்கத்தின்படி ஊடுபயிருக்கு வாசனை இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. வாசனைச் செடி நட்டால் பூச்சி அண்டாது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லப்படுவதை ஏற்க நான் தயங்குவது இதனால்தான்.

பூச்சி தாக்கிய பிறகு செடியின் மணம் மாறுமா?

மாறும். தாய்ப்பூச்சிகளும் அதைக் கவனிக்கின்றன. அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பாலைநிலத்தில் காட்டுப் புகையிலையில் கெஸ்லரும் பால்ட்வினும் செய்த களஆய்வு 2001-இல் வெளியானது. புழு தின்னும் செடி வெளியிடும் மணப்பொருள்கள், புதிய தாய்ப்பூச்சிகள் அங்கே முட்டையிடுவதைக் குறைத்தன. முட்டையைத் தின்னும் நாவாய்ப்பூச்சிகளை வரவழைத்தன. இரண்டும் சேர்ந்தபோது புழுக்களின் எண்ணிக்கை 90 விழுக்காட்டுக்கு மேல் குறையக்கூடும் என்று அவர்கள் கணக்கிட்டனர். அதே ஆண்டில் வெளியான இன்னோர் ஆய்வு, புழு தாக்கிய புகையிலை இரவில் மட்டும் வெளியிடும் சில பொருள்கள் அந்துப்பூச்சிகளை விலக்குவதைக் காட்டியது.

முட்டை பட்ட உடனேயே விழித்துக்கொள்ளும் செடிகளும் உண்டு. எல்ம் மரத்தின் இலையில் இலைவண்டு முட்டையிட்டதும் மரம் வெளியிடும் மணம், அந்த முட்டையைத் தாக்கும் குளவியை அழைக்கிறது. சில ஜப்பானிய நெல் ரகங்களில் வெண்முதுகுத் தத்துப்பூச்சி தாளுக்குள் முட்டையைச் செருகினால், அந்த இடத்தில் நீர் கோத்துப் பென்சைல் பென்சோயேட் என்ற பொருள் உருவாகி முட்டைகளைக் கொன்றுவிடுகிறது.

நெல்லில் தாய்ப்பூச்சியைத் தடுக்கும் வேதிப்பொருள் உண்டா?

உண்டு, அதில் தமிழ்நாட்டு ரகம் ஒன்றுக்குப் பங்கும் உண்டு. திரூர்க்குப்பம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான டி.கே.எம். 6 ரகம் தண்டுத்துளைப்பானை ஓரளவு தாங்கி நிற்பதைப் பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் கண்டு, அதை எதிர்ப்புத்திறனுக்கான பெற்றோராகப் பயன்படுத்தியது. நம் உழவர்கள் நன்கறிந்த ஐ.ஆர். 20-இன் பெற்றோரில் ஒன்று அதுவே. கோடிட்ட தண்டுத்துளைப்பானின் தாய் டி.கே.எம். 6-இல் குறைவாக முட்டையிடுவதற்கான காரணத்தைத் தேடியபோது பென்டாடெக்கனால் என்ற பொருள் அடையாளம் காணப்பட்டது. முட்டையிடுவதை மட்டுமன்றி முட்டை பொரிப்பதையும் புழு வளர்வதையும் அது தடுத்தது. விளைச்சலையும் அரிசியின் தரத்தையும் பார்த்து ரகங்களைத் தேர்ந்தெடுக்கும்போது இத்தகைய பண்புகள் சத்தமின்றி நழுவிவிடும் என்பது எனக்கு உண்மையான கவலை.

மெத்தில் யூஜினால் பொறி வைத்தும் மாம்பழத்தில் பழ ஈ முட்டையிடுகிறதே, ஏன்?

பொறியில் வைக்கும் மணப்பொருளான மெத்தில் யூஜினால் ஆண் ஈக்களை மட்டுமே இழுக்கிறது. பிஹாரின் பூசாவில் பணியாற்றிய ஹவ்லெட் 1915-லேயே இதை எழுதியிருக்கிறார். பழத்தைக் குத்தி முட்டையிடுவது பெண் ஈ. ஆண்கள் பெருமளவு குறைந்து இனச்சேர்க்கை தடைபட்டால் மட்டுமே பொறியின் பயன் தெரியும். தோப்பில் ஓரிரு பொறி வைத்தால், அல்லது பக்கத்துத் தோப்பில் பொறியே இல்லாவிட்டால், ஏற்கெனவே இணைந்த பெண் ஈக்கள் வந்துகொண்டேதான் இருக்கும்.

பெண் ஈ தேடுவது பழத்தின் மணத்தை. மாம்பழத்திலுள்ள காமா-ஆக்டலாக்டோன் என்ற பொருள், முன்பின் மாம்பழத்தையே அறியாத பெண் ஈயையும் முட்டையிடத் தூண்டுகிறது என்று ஹெசரகட்டா நிலையத்து ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு 2014-இல் காட்டியது. நடைமுறையில் உழவர் செய்யக்கூடியது, விழுந்த பழங்களை அன்றன்றே பொறுக்கி ஆழமாகப் புதைப்பது. தரையில் கிடந்து கனியும் பழம் பெண் ஈக்கு அழைப்பு; அதற்குள் இருக்கும் புழுக்கள் மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகி அடுத்த தலைமுறையாக எழும்.

வேப்பங்கொட்டைக் கரைசல் முட்டையிடுவதைத் தடுக்குமா?

பல அந்துப்பூச்சிகளில் குறைக்கிறது, முழுவதும் தடுப்பதில்லை. 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பு என்ற 5 விழுக்காட்டுக் கரைசல், இலைப் பரப்பின் சுவையை மாற்றித் தாயைத் தயங்கச் செய்கிறது, புழு தின்பதையும் தோலுரிப்பதையும் கெடுக்கிறது. இதன் முக்கியப் பொருளான அசாடிராக்டின் வெயிலில் சிதைந்துவிடும். அதனால் மாலையில் தெளிக்க வேண்டும். மழை பெய்தாலும் புதுத் தளிர் வந்தாலும் மீண்டும் தெளிக்க வேண்டும், ஏனென்றால் தாய் நாடுவது பெரும்பாலும் கரைசல் படாத அந்தப் புதுத் தளிரைத்தான். பயிர் முழுவதும் புழு மேய்ந்த பிறகு தெளித்துவிட்டு வேம்பைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

யூரியாவுக்கும் முட்டைக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. தழைச்சத்து மிகுந்த இலை கரும்பச்சையாகவும் மென்மையாகவும் இருப்பதோடு, அதன் அமினோ அமிலங்களும் கூடுகின்றன. நெல் இலைச்சுருட்டுப்புழு முதல் கோஸ் வண்ணத்துப்பூச்சி வரை பல பூச்சிகள் அத்தகைய பயிரை நாடுகின்றன. இலையின் பச்சை நிறத்தை ஒப்பிட்டுத் தழைச்சத்துத் தேவையை அறிய உதவும் இலை வண்ண அட்டையைப் பார்த்து உரமிட்டாலே இந்தத் தொல்லை ஓரளவு குறையும்.

சேமித்து வைத்த பயறில் வண்டு முட்டையிடுவதற்கும் இதே விளக்கம்தானா?

அடிப்படை அதுவே. பயறு வண்டு விதையின் மேற்பரப்பைத் தொட்டுப் பார்த்து, வழவழப்பான நல்ல விதையின் மீது முட்டையை ஒட்டுகிறது. உளுந்தின் கறுப்புத் தோலில் வெள்ளைப் புள்ளிகளாகக் கண்ணுக்கே தெரியும். எண்ணெய் பூசிய விதையில் அது குறைவாக முட்டையிடுகிறது, இட்ட முட்டைக்கும் எண்ணெய்ப் படலத்தால் காற்றுக் கிடைப்பதில்லை. வேப்பெண்ணெய் பூசினால் கசப்பும் நெடியும் சேர்கின்றன. துவரையைச் செம்மண் கட்டி வைத்ததும், குதிரில் நொச்சி இலை போட்டதும் நம் வீடுகளில் இருந்த வழக்கங்கள். விதைக்காக வைக்கும் பயறுக்கு வேப்பெண்ணெய் பொருந்தும். சமையலுக்கு வைப்பதில் கசப்பு ஏறும் என்பதால் வேறு சமையல் எண்ணெயை மெல்லியதாகப் பூசி வைக்கலாம்.

என் வயலில் பூச்சி எந்தச் செடியை விரும்புகிறது என்பதை நானே எப்படிப் பார்ப்பது?

பொறிப்பயிரிலும் முதன்மைப் பயிரிலும் ஒரே எண்ணிக்கையில் செடிகளைக் குறித்துக்கொண்டு, வாரம் இருமுறை காலையில் முட்டைகளை எண்ணுங்கள். ஒரு கைலென்ஸ் போதும். காய்ப்புழுவின் முட்டை தனித்தனியாக, வெளிர்மஞ்சள் மணி போல, நுனித் தளிரிலும் மொட்டிலும் இருக்கும். வைரமுதுகு அந்துப்பூச்சியின் முட்டை மிகச் சிறியது, தட்டையானது, இலை நரம்பை ஒட்டி இருக்கும். புரோடீனியாவுக்கும் மக்காச்சோளப் படைப்புழுவுக்கும் முடி மூடிய குவியலைத் தேடுங்கள். பொறிப்பயிரில் செடிக்குச் செடி தெளிவாகக் கூடுதல் முட்டை இல்லையென்றால், விதைத்த நாளிலோ ரகத்திலோ பிழை இருக்கிறது என்று பொருள். அடுத்த பருவத்தில் அதை மாற்றிப் பாருங்கள். எண்ணும்போது கருத்துப்போன முட்டைகளைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். பொரிக்கும் தறுவாயில் உள்ள முட்டையில் புழுவின் தலை மட்டும் கரும்புள்ளியாகத் தெரியும். முட்டை முழுவதும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் பெரும்பாலும் அதற்குள் பூச்சி முட்டைகளை அழிக்கும் டிரைக்கோகிரம்மா என்ற நுண்குளவி ஒட்டுண்ணியாக வளர்கிறது. அத்தகைய முட்டைகள் உள்ள இலையைக் கிள்ளி எறியாமல் செடியிலேயே விட்டுவிடுங்கள்.